எக்செலில் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிவது பற்றி

வணக்கம் நண்பரே. சங்க உறுப்பினர் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய உரைக் கோப்பு) இறக்கி எக்செலில் திறந்தால் பெயரெல்லாம் புரியாத குறிகளாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. ஆனால் அந்தக் கிறுக்கலோடு சேமித்துவிடாதீர்கள், சில எழுத்துகள் திரும்பாமலே போய்விடலாம். சேமிக்காமல் மூடுங்கள்.

இப்படிப்பட்ட கோப்பு பெரும்பாலும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில் இருக்கும். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் (கணினியின் சேமிப்பு அலகு). நேரடியாகத் திறக்கும்போது எக்செல் கோப்பை விண்டோஸின் பழைய குறியாக்கமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது.

சரி, இப்படிச் செய்யுங்கள். வெற்று எக்செல் தாளைத் திறந்து, 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' கொடுத்துக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டத்தில் 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்று மாற்றியதுமே தமிழ் தெரியும். அவசரப்பட்டு 'லோட்' அழுத்தாதீர்கள். உறுப்பினர் எண்கள் 0-வில் தொடங்கினால் எக்செல் அந்த 0-வை விழுங்கிவிடும், பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பக்கத்திலேயே இருக்கும் 'டேட்டா டைப் டிடெக்‌ஷன்' என்பதில், வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற தேர்வைக் கொடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

திருத்தி முடித்ததும் சாதாரண சிஎஸ்வி வேண்டாம், 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையில் சேமியுங்கள். அப்புறம் யாருக்கு அனுப்பினாலும், அவர் எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தாலே தமிழ் சரியாக வரும்.

உங்கள் எக்செல் பழைய பதிப்பு, அதில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' இல்லை என்றால் கோப்பை கூகுள் ஷீட்ஸில் ஏற்றிப் பாருங்கள்.