‘மசாபூ’ன்னு வாய மூடிக்கிற வாண்டுங்க: அக்காகிட்ட கேளுங்க

இந்த மாசம் வந்த கடுதாசி, மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா முக்காவாசி ஒரே விஷயம்தான், பிள்ள சாப்பிட மாட்டேங்குது. தமிழ்ல ‘வேணாம்’னு சொல்ல வராத பிள்ளகூட பர்மீஸ்ல ‘மசாபூ’ன்னு, சாப்பிட மாட்டேன்னு, அவ்வளவு தெளிவா சொல்லிடுதாம். நாம இருக்கிற பர்மா எப்படிப்பட்ட ஊரு, வழியில பாக்குறவங்க எல்லாம் ‘தமின் சா பீபிலா’, சோறு தின்னாச்சான்னு கேட்டுத்தான் குசலம் விசாரிக்கிறாங்க, அந்த ஊர்ல நம்ம பிள்ள மட்டும் தின்னலன்னா பெத்தவளுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா.

தன்லின்லேருந்து ஒரு அம்மா:

அக்கா, என் பொண்ணுக்கு 2 வயசு 3 மாசம். ஒரு வயசு வரைக்கும் குடுத்ததெல்லாம் தின்னா, இப்ப தட்டப் பாத்தாலே ஓட்டம். போன்ல கார்ட்டூன் போட்டாத்தான் வாயத் தொறப்பா, அதுலயும் ஒரு வேளைச் சோறு உள்ள போக ஒன்றரை மணி நேரம் ஆகுது, கரண்ட் போயி போன்ல சார்ஜ் இல்லன்னா அன்னைக்குப் பட்டினிதான். பால் மட்டும் நல்லா குடிப்பா, 180 மில்லி பாட்டில்ல அஞ்சு. சாயங்காலம் டீயில பிஸ்கட் தொட்டுத் தருவோம். பொறக்கும்போது ஆறரை பவுண்டு, ஒரு வயசுல 19 சொச்சம், இப்ப 24. பக்கத்து வீட்டுப் பையனும் இதே வயசுதான், அவன் 28 பவுண்டு. மாமியார் தெனமும் அதச் சொல்லிக் காட்டிட்டு, பிள்ளையோட ரெண்டு கையயும் பிடிச்சு மடியில அமுக்கிகிட்டு ஊட்டுறாங்க, அவ வாந்தி எடுக்குறா, நான் அழுவுறேன். வீட்டுக்காரர் ரெண்டு பேரையும் சத்தம் போட்டுட்டு வேலைக்குப் போயிடுறார். நான் என்னதான் செய்யிறது?

அக்கா:

தங்கச்சி, மொதல்ல அழுகைய நிறுத்து. நீயே எழுதியிருக்க கணக்க நீயே ஒருதரம் படிச்சுப் பாரு. பொறந்த எடை ஒரு வயசுல மூணு மடங்கு ஆகணும், ஆறரைக்கு மூணு மடங்கு 19 சொச்சம், ஆயிருக்கு. அதுக்கப்புறம் ரெண்டாவது வருசம் முழுசுக்கும் சேத்தே ஒரு நாலரை அஞ்சு பவுண்டுதான் ஏறும், அதுவும் ஏறியிருக்கு. மொத வருசம் 13 பவுண்டு ஏறுன பிள்ள அடுத்த வருசம் அதுல பாதிகூட ஏறாதுன்னா அதுக்கு எவ்வளவு சோறு வேணும் சொல்லு, வளர்த்தி மெதுவானா பசியும் கொறையும். அத நாமதான் நோவுன்னு நெனச்சுக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் அவங்க அப்பன் மாதிரி இருப்பான், விடு.

இப்ப பால் கணக்குக்கு வா. அஞ்சு பாட்டில்னா 900 மில்லி. இந்த வயசுப் பிள்ளைக்கு நாளைக்கு ஏறக்குறைய 1000 கலோரி போதும், அந்த 900 மில்லி பால்லயே 550க்கு மேல போயிடுது, டீயும் பிஸ்கட்டும் தனி. அப்ப வயித்துல சோத்துக்கு எடம் ஏது? உம் பொண்ணு சாப்பிடாம இல்ல, குடிச்சே சாப்பிட்டுடுறா. 350லேருந்து 500 மில்லி பால் போதும் அவளுக்கு. இதுல இன்னொரு வம்பு, பால்ல இரும்புச்சத்து கெடையாதுன்னே சொல்லலாம், டீயோ சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தையும் ஒட்டவிடாம பண்ணிடும், ரத்தம் கொறைஞ்சா பசியும் மந்திக்கும், பசி மந்திச்சா இன்னும் பால். டீய இன்னையோட நிறுத்து. டீக்கடையில பால்டப்பா ஊத்தி ஆத்துற டீ நமக்கு அமிர்தம்தான், ஆனா அந்த டப்பாவுல ஏறக்குறைய பாதி சக்கரை, அத பாலுன்னு நெனச்சு பிள்ளைக்குக் குடுக்கிறவங்களும் இருக்காங்க.

பாட்டில ஒரே நாள்ல பிடுங்கிடாத, ஊரே கூடிடும். மூணு நாலு நாளைக்கு ஒருதரம் ஒரு பாட்டிலக் கொறை, பகல்ல டம்ளர்ல குடு, ராத்திரி பாட்டில கடைசியா நிறுத்து. ஒரு வாரம் நல்லா அழுவா. அந்த வாரம் உனக்குத்தான் பரீட்சை.

சாப்பாடு மூணு வேளை, நடுவுல ரெண்டு தடவ திங்கிறதுக்கு ஏதாவது, இதுக்கு எடையில தண்ணி மட்டும். 20, மிஞ்சுனா 30 நிமிசம், அதுக்கப்புறம் தட்ட எடுத்துடு, மூஞ்சியில கோவத்தக் காட்டாம எடு. எவ்வளவு வைக்கணும்னு கேட்டா, ஒரு வயசுக்கு ஒரு மேசைக்கரண்டின்னு ஒரு கணக்கு இருக்கு, அப்ப உம் பொண்ணுக்கு ரெண்டு கரண்டி சோறு, ரெண்டு கரண்டி பருப்பு, ஒரு துண்டு மீனு. நீ வைக்கிற கிண்ணத்துல எத்தன கரண்டி இருக்குன்னு அளந்து பாரு, எனக்கு சிரிப்பு வருது. வேணும்னா அவளே கேப்பா. அமெரிக்காவுல எல்லின் சாட்டர்னு ஒரு உணவியல் நிபுணர் இதுக்கு ஒரு பாகப்பிரிவினை பண்ணி வச்சிருக்காங்க, என்ன, எப்ப, எங்கங்கிறது பெரியவங்க பங்கு, திங்கிறதா வேணாமா, எவ்வளவுங்கிறது பிள்ள பங்கு. நம்ம வீடுகள்ல நடக்கிற சண்ட பூராவும் பிள்ளையோட பங்குல நாம வேலி போடுறதாலதான்.

அப்புறம் உங்க மாமியார். நீ அவங்கள வில்லியா எழுதியிருக்க, நான் அப்படிப் படிக்கல. அவங்களுக்கு அறுபது தாண்டியிருக்கும்ல? 1967ல இந்த ஊர்ல அரிசித் தட்டுப்பாடு வந்தப்போ எங்கம்மா என்னைய இடுப்புல வச்சுகிட்டு அரிசிக்கு வரிசையில நின்னவங்க. கடைசி வரைக்கும் எங்க வீட்டுல தட்டுல ஒரு பருக்கை மிஞ்சுனா அவங்க கை நடுங்கும். அப்படிப்பட்ட வீட்டுல வளந்தவங்களுக்குப் பிள்ள வாய மூடுனா கண்ணுல தெரியிறது அந்த வரிசைதான், பிடிவாதம்னு அவங்களுக்குத் தோணாது. அதனால ‘நீங்க ஊட்டாதீங்க’ன்னு நேரா சொல்லிடாத, ‘அத்தை, நீங்க அவ பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க, உங்களப் பாத்துத் திங்கட்டும்’னு சொல்லு. கைய அமுக்கிப் பிடிச்சு ஊட்டுறது மட்டும் கட்டாயம் நிக்கணும், பொறையேறும், அதவிட சோறுன்னாலே பயம்னு மனசுல பதிஞ்சுடும். உப்பு மொளகா சுத்திப் போட்டா போடட்டும், அதுல ஒண்ணும் கெட்டுப்போகல.

போன் கதை எங்க வீட்டுலயும் நடந்துச்சு. எம் பேரன் ரெண்டரை வயசுல இதே மாதிரிதான், ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது ராத்திரி வரைக்கும் வரல, எல்லார் போனும் செத்துப்போச்சு. புழுக்கத்துல அடுப்படியில இருக்க முடியல, வாசல்ல பாய விரிச்சு நடுவுல ஒரு சார்ஜ் லைட்ட வச்சு, இருந்த சோறு, பருப்பு, காலையில வாங்குன பேபியோ, அதான் அவிச்ச பட்டாணி, அதோட மிச்சத்த வெங்காயத்தோட வறுத்தது, எல்லாத்தையும் ஒரே சட்டியில பெசஞ்சு உருட்டி உருட்டி ஆளுக்கு ஒரு வாய் குடுத்தேன். அவன யாரும் கூப்பிடல, உண்மைய சொன்னா மறந்தேபோயிட்டோம். கொஞ்ச நேரத்துல என் கையில ஒரு சின்னக் கை வந்து உரசுது. நாலு உருண்ட தின்னான், அதுல மூணு அவங்க தாத்தாவுக்குன்னு உருட்டுனது. நிலாச்சோறுன்னு நம்ம பாட்டிங்க இதத்தானே பண்ணாங்க, அன்னைக்கு எங்களுக்கு நிலாகூட இல்ல. மறுநாள் கரண்ட் வந்துச்சு, ஆனாலும் போன எடுக்காம பாயத்தான் விரிச்சோம். போன பாத்துகிட்டே திங்கிற பிள்ளைக்கு வயிறு ரொம்புனதும் தெரியாது, வாயில என்ன போச்சுன்னும் தெரியாது, அப்புறம் அதுக்கு எந்த ருசி பழகும்?

புதுசா ஒரு காய வச்சு ரெண்டு தடவ துப்புனதும் ‘அவளுக்கு அது பிடிக்காது’ன்னு எழுதி ஒட்டிடாத. ஒரு ருசி ஒட்டிக்க 10, 15 தடவகூட ஆகும், தட்டு ஓரத்துல கொட்டப்பாக்கு அளவு வை, அவ தொட்டுப்பாத்து எறிஞ்சா அதுவும் ஒரு தடவதான். பேபியோ தெருவுல வரும்போது வாங்கி நல்லா மசிச்சு எலுமிச்ச ரெண்டு சொட்டு விட்டுக் குடு, பட்டாணியில இருக்கிற இரும்புச்சத்து புளிப்போட சேந்தா நல்லா ஒட்டும். முழுக்கடலை, முழு திராட்ச மட்டும் இந்த வயசுல கையில குடுக்காத, தொண்டையில அடைச்சுக்கும்.

இதெல்லாம் நல்லா ஓடியாடுற பிள்ளைக்குச் சொன்னது. எடை கீழ எறங்குனா, முழுங்கும்போது ஒவ்வொரு தடவையும் இருமுனா, ஒதடு வெளுத்திருந்தா, மண்ணு சாம்பல்னு தின்னா, மலச்சிக்கல் விடாம இருந்தா என் பதில மடிச்சு வச்சுட்டு டாக்டர்கிட்ட போ.

மாண்டலேலேருந்து ஒரு அப்பா:

மூணு வயசுப் பையன் மோகிங்கா, அதான் மீன் கொழம்பு ஊத்துன அரிசி நூடுல்ஸ், அதத் தவிர எதையும் தொடமாட்டேங்குறான், மூணு வேளையும் அதையே கேக்குறான். இட்லி தோசை சோறு எல்லாம் ‘மசாபூ’தான். நம்ம சாப்பாடே மறந்துடுவானோன்னு எங்க அம்மாவுக்குக் கவலை, எனக்கு சத்து கெடைக்குமான்னு கவலை.

அக்கா:

தம்பி, கெளுத்தி மீனு, வாழத்தண்டு, கொண்டக்கடல மாவு, மேல ஒரு அவிச்ச முட்டை. இதுல எது சத்து இல்லாததுன்னு நீங்களே சொல்லுங்க. கடை மோகிங்காவுல உப்புதான் பிரச்சன, வீட்டுல செஞ்சு மீன் சாஸ கொறைச்சுடுங்க.

அம்மாவோட கவலைக்கு வழி அந்தக் கிண்ணத்துக்குள்ளயே இருக்கு. மோகிங்காவுல போடுற அரிசி நூடுல்ஸ்க்கும் நம்ம இடியாப்பத்துக்கும் எவ்வளவு தூரம்? ரெண்டும் அரிசி நூல்தான். ஒரு வாரம் அதே மோகிங்கா கொழம்ப இடியாப்பத்து மேல ஊத்துங்க. அது பழகுனதும் கொழம்ப கொஞ்சம் கொறைச்சு பக்கத்துலயே பருப்புச் சாறு. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணுதான் மாறணும், ரெண்டையும் சேத்து மாத்துனா கண்டுபிடிச்சிடுவான், மூணு வயசுக்காரன ஏமாத்துறது சுங்க ஆபீசர ஏமாத்துறதவிடக் கஷ்டம். நம்ம சாப்பாடு மறக்குறதப் பத்தி அம்மாவ கவலப்பட வேணாம்னு சொல்லுங்க, அத்தோன்னு நம்ம பர்மா நூடுல்ஸ தட்டுல வச்சு மெட்ராஸ் பீச்சுப் பக்கம் விக்கிறது இங்கேருந்து போன நம்ம ஆளுங்கதானே, அங்க போயி இத மறக்கல, இங்க இருந்து அத மட்டும் மறந்துடுவாங்களா.

பெகுலேருந்து ஒரு அம்மா:

பசி எடுக்க மருந்துக்கடையில சிரப் குடுக்கிறாங்களே, வாங்கலாமா? பூச்சி மாத்திரை?

அக்கா:

கடைக்காரர் பேச்சக் கேட்டு பசி சிரப் வாங்காதீங்க. அந்த மாதிரி சிரப் சிலதுல சைப்ரோஹெப்டடின்னு ஒரு மருந்து இருக்கும், அது உண்மையில அலர்ஜிக்கானது, பிள்ளைய தூங்கித் தூங்கி வழிய வைக்கும், நிறுத்துனா பசியும் போயிடும். பூச்சி மாத்திரை வேற விஷயம், ஒரு வயசு தாண்டுனா வருசத்துக்கு ஒண்ணோ ரெண்டு தடவையோ குடுக்கிறது நல்லதுதான், ரெண்டு வயசுக்குக் கீழன்னா அளவு பாதி, ஹெல்த் சென்டர்ல கேட்டுக் குடுங்க.

ஊர் பேர் போடாத ஒரு அப்பாயி:

நீ எப்பப் பாத்தாலும் மருமக பக்கம்தான். நான் ஏழு பிள்ள வளத்தவ, எம் பேத்திக்கு மூணு வாய் ஊட்டக்கூட எனக்கு உரிம இல்லையா?

அக்கா:

இருக்குங்கம்மா, யாரு இல்லன்னா. நானும் அப்பாயிதான், கை அரிக்கும், தெரியும். அந்த ஏழையும் நீங்க எப்படி வளத்தீங்கன்னு கொஞ்சம் நெனச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி கிண்ணத்தத் தூக்கிட்டு ஓடவா உங்களுக்கு நேரம் இருந்துச்சு? வட்டமா உக்கார வச்சு ஆளுக்கு ஒரு உருண்ட, பிந்துனவனுக்கு இல்ல. பேத்தி ஒண்ணே ஒண்ணுங்கிறதால வட்டமும் போச்சு, போட்டியும் போச்சு. மருமககிட்ட சண்ட போடாம, சனிக்கெழம அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க நாலஞ்சக் கூப்பிட்டு உக்கார வச்சு, உங்க கையால தயிர்சோறு உருட்டிப் போடுங்க. பேத்திய கடைசியா உக்கார வைங்க, மொதல்ல வேணாம்.