மூன்றாம் பக்கத்து டிபன் பாக்ஸ்

கேள்வி: நான் அனுப்பிய காதல் சிறுகதையை, 'குறியீடுகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன' என்ற ஒரே வரியோடு திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பிரிவைக் காட்ட உடைந்த கண்ணாடி டம்ளர், அணைந்த விளக்கு, காய்ந்த ரோஜா என்று அன்றாடப் பொருள்களைத்தானே வைத்தேன்? அவை குறியீடாகக் கூடாதா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்.

பதில்: தாராளமாக ஆகலாம். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்றும் உங்கள் கதையில் ஒரு நாள்கூட அன்றாடப் பொருள்களாக இருக்கவில்லை. அந்த டம்ளரில் யாரும் தண்ணீர் குடித்ததாகத் தெரியவில்லை. உடைவதற்காகவே ஒன்பதாம் பக்கத்தில் மேசைக்கு வந்து சேர்கிறது. மின்விளக்கு உள்ள வீட்டில் அன்று மட்டும் அகல் ஏன் எரிந்தது என்பதற்கும் விடை இல்லை. காற்றடித்து அணைய வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்து மாவட்டமான தருமபுரிதான் பழைய தகடூர். அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமான் என்ற அரசனிடம் தூது சென்ற ஔவையார், அந்த அரசனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இங்குள்ள ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போல் தொடங்கி வேல் பாய்ச்சும் அந்தப் பாட்டைக் காதல் கதைக்கு ஏன் இழுக்கிறேன் என்றால், உங்கள் டம்ளரும் விளக்கும் தொண்டைமானின் ஆயுதங்களைப் போலப் பளபளவென்று இருக்கின்றன. புழங்கிய தடம் அவற்றில் இல்லை.

புழங்கிய தடம் எப்படி இருக்கும் என்பதற்குக் குறுந்தொகையின் 167ஆம் பாட்டைப் பாருங்கள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, அதை மாற்றாமல், தாளிப்புப் புகை கண்ணில் நிறையப் புதுமனைவி ஒரு புளிக்குழம்பை வைக்கிறாள். கணவன் 'இனிது' என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்த செவிலித்தாய் பெற்றவளிடம் சொல்லும் செய்தி இது. ஆறே அடிகள். காதல், அன்பு என்ற சொற்கள் அவற்றில் எங்குமே இல்லை. அந்தச் சேலை எதற்கும் குறியீடாக நிற்கவில்லை, தயிர்க்கறையோடு வெறும் சேலையாகத்தான் இருக்கிறது. இருந்தும் அவள் அந்த வீட்டுக்காரி ஆகிவிட்டாள் என்பதைப் பெற்றவளுக்கு வேறு எதுவும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

ஒன்றைச் சொல்லி அதனுள் வேறொன்றை உணர்த்தும் உள்ளுறைக்கு, தெய்வம் நீங்கலாக மற்ற கருப்பொருள்களே, அதாவது அந்தந்த நிலத்துக்கே உரிய பூ, மரம், விலங்கு, பறவை போன்றவையே களம் என்கிறது தொல்காப்பியம். ஓசூர் ரோஜாவும் எங்கள் நிலத்துக் கருப்பொருள்தானே என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயம்தான். ஆனால் உங்கள் நாயகி ஓசூரில் ரோஜாப் பசுமைக்குடிலில் வேலை செய்பவள். மொட்டாகவே வெட்டி, தண்டின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து, கட்டுக் கட்டாகக் குளிரறைக்கு அனுப்பி, பிப்ரவரி 14 நெருங்கும்போது நிமிர நேரமில்லாமல் நிற்பவள் ஒற்றை ரோஜாவை நோட்டுப் புத்தகத்தில் வைத்துக் கண்ணீர் விடுவாளா? அவளுக்கு அந்தப் பூ என்றால் முள்ளும் கூலியும்தான். ஊரார் காதலுக்கெல்லாம் பூ வெட்டித் தந்தவளுக்கு அதன் மேல் ஒரு சலிப்பு இருந்திருந்தால் கதை வேறு உயரத்துக்குப் போயிருக்கும். பட்டணத்துக் கதைகளில் படித்த ரோஜாவை, ரோஜா விளையும் ஊரில் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள்.

இத்தனைக்கும், உங்களை அறியாமல் ஓர் அருமையான பொருளை எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் நாயகன், தன் அம்மாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அவளுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவருகிறான். மூடியில் இருக்கும் அந்தப் பெயரை அவள் விரலால் தடவிப் பார்க்கிறாள். அந்த வரியைப் படித்துவிட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வீடுகளில் எழுதப்படாத வழக்கம். ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு மாம்பழமாவது போட்டுத்தான் தருவார்கள். இன்னும் தன்னை ஏற்காத ஒருத்தியின் பெயர் வெட்டிய பாத்திரத்தில் அவள் எதைப் போட்டுத் திருப்பித் தருவாள், அதை அந்த வீட்டில் யார் திறப்பார்கள், அவன் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போன பிறகு அது யார் வீட்டு அலமாரியில் இருக்கும் என்றெல்லாம் என் மனம் ஓடியது. நீங்களோ அதை மறந்துவிட்டு டம்ளரை உடைக்கப் போய்விட்டீர்கள்.

டம்ளர், விளக்கு, ரோஜா மூன்றையும் அடித்துவிடுங்கள். 'அவர்கள் உறவைப் போலவே அதுவும் சிதறியது' என்ற வரியையும் சேர்த்துத்தான். டிபன் பாக்ஸ் மூன்றாம் பக்கத்தில் அவள் கையில் இருக்கிறது. கடைசிப் பக்கம் வரை யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அது என்ன ஆயிற்று என்று எழுதி அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.