ஆஸ்திரேலிய முன்னாள் படைவீரர் சங்கத்தின் எனாமல் சின்னத்தில் ஆண்டு ஏன் பொறிக்கப்பட்டது?

எனாமல் சின்னம் என்பது, அச்சால் அழுத்தி உருவாக்கிய உலோகத் தகட்டின் பள்ளங்களில் வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் உருக்கிப் படியவைத்த சிறு அடையாளம். நிறங்களுக்கிடையே மெல்லிய உலோக வரப்புகள் உண்டு. சட்டைப் பித்தானைப் போல அன்றாடம் அணிவதற்கு இது ஏற்றது, ஏனெனில் கண்ணாடியின் நிறம் வெயிலில் வெளுக்காது.

முதல் உலகப்போரிலிருந்து திரும்பியவர்கள் 1916-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சங்கமே இன்று ஆர்.எஸ்.எல். எனப்படுகிறது. அதன் கேடய வடிவச் சின்னத்தில் தொடக்கத்தில் மாலுமியும் தரைப்படை வீரரும் கைகோத்து நின்றனர். பின்னாளில் விமானப்படை வீரரும் செவிலியரும் சேர்ந்தனர். செவிலியருக்கும் அங்கே இடம் கிடைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

உச்சியிலுள்ள மகுடத்தின்மேல், ஆண்டு குறித்த ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டது. சந்தா செலுத்தியவருக்கே அவ்வாண்டின் தகடு கிடைத்ததால், உறுப்பினர் தகுதி நடப்பில் உள்ளதா என்பதைச் சட்டையைப் பார்த்தே அறிய முடிந்தது. அடையாள அட்டை ஒன்றே இருக்க, மாதச் சீட்டை மட்டும் புதிதாக வாங்கும் நம் பேருந்துப் பயணச் சலுகையைப் போன்றதே இந்த ஏற்பாடு.

வீட்டுப் பெட்டியில் இதைக் கண்டெடுப்போர் பலர் வீரப் பதக்கம் என்றே எண்ணுகின்றனர். பதக்கம் அரசு அளிப்பது, இதுவோ சங்கம் தன் உறுப்பினருக்கு வழங்கியது, தகட்டிலுள்ள ஆண்டும் போரிட்ட ஆண்டன்று, சந்தா செலுத்திய ஆண்டே.