மெடுல்லரி தைராய்டு புற்றுநோய்: அயோடின் சிகிச்சை ஏன் கிடையாது?

கேள்வி: என் அக்காவுக்கு 46 வயது. கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த பரிசோதனையில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் என்று வந்திருக்கிறது. உறவினர் ஒருவர் தைராய்டு புற்றுநோய்க்கு ரேடியோ அயோடின் எடுத்து நன்றாக இருக்கிறார். அக்காவுக்கு அது வேண்டாம் என்கிறார் டாக்டர். ஏன்? எனக்கும் இது வருமா?

பதில்: டாக்டர் சொன்னது சரி. உறவினருக்கு வந்தது பாப்பிலரி வகையாக இருக்கலாம். தைராய்டு புற்றுநோயில் அதுதான் அதிகம். அது உண்டாகும் செல்கள் அயோடினை உறிஞ்சுபவை. மெடுல்லரி வகையோ அதே சுரப்பியின் சி செல்களில் உண்டாகிறது. அவை கால்சிடோனின் என்ற வேறு ஹார்மோனைச் சுரக்கும்; அயோடினை எடுத்துக்கொள்ளாது. அதனால் ரேடியோ அயோடின் கொடுத்தும் பயனில்லை.

இதற்கு முதன்மைச் சிகிச்சை அறுவைதான். தைராய்டு முழுவதையும், பெரும்பாலும் கழுத்தின் நடுப்பகுதி நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றுவார்கள். முதல் அறுவையே முழுமையாக அமைய வேண்டும் என்பதால், இதில் நல்ல அனுபவமுள்ள அறுவை நிபுணரையே தேடுங்கள்.

தேதி குறிக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மெட்டாநெஃப்ரின் பரிசோதனை (அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று காட்டும் ரத்த அல்லது சிறுநீர்ப் பரிசோதனை) செய்தாயிற்றா? பரம்பரையாக வரும் மெடுல்லரி புற்றுநோயோடு சிலருக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இருக்கும். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். இருந்தால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் கால்சிடோனின், சிஇஏ (இந்தப் புற்றுநோய் செல்கள் சுரக்கும் ஒரு புரதம்) அளவுகளையும் இப்போதே எடுத்து வையுங்கள். பிற்பாடு நோய் திரும்புகிறதா என்று ஒப்பிட அவை வேண்டும்.

அடுத்து உங்கள் கவலை. இந்த நோய் சுமார் 4 பேரில் ஒருவருக்குப் பரம்பரையாக வருகிறது. ரெட் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றாலும் அக்காவுக்கு ரெட் பரிசோதனை அவசியம். அதில் பரம்பரை மாற்றம் தெரிந்தால் அவருடைய பிள்ளைகளுக்கு அது இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம்; உங்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில மாற்றங்களில் குழந்தைக்கு 5 வயதுக்குள்ளேயே தைராய்டை எடுத்துவிடுவது நல்லது.

அறுவைக்குப் பின் ஆயுள் முழுக்கத் தைராக்ஸின் மாத்திரை போட வேண்டும். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பு அளவில் இருந்தால் போதும். பாப்பிலரி நோயாளிகள் சிலருக்குச் செய்வதுபோல் அதை அழுத்தி வைக்கத் தேவையில்லை. நோய் உடலின் மற்ற இடங்களுக்குப் பரவி வளர்ந்தாலும் வழியிருக்கிறது: வாண்டெட்டானிப், காபோசான்டினிப் மாத்திரைகள் உண்டு, ரெட் மாற்றம் இருந்தால் செல்பெர்காட்டினிப் நன்றாக வேலை செய்கிறது.