போர்டு ஃபைலை டிவைஸ் ட்ரீயாக மாற்ற ஒரு வாரம் போதுமா?

பழைய ஏஆர்எம் போர்டு, லினக்ஸ் 3.0 கர்னல், போர்டு ஃபைலில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் சி கோடில்) இருப்பதை டிவைஸ் ட்ரீயில் (அதே விவரத்தைத் தனியாக வைக்கும் தரவுக் கோப்பில்) எழுதிவிட்டால் புதிய கர்னல் ஓடிவிடும், ஒரு வாரம் போதும் என்கிறார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னது உங்கள் மேலாளராகத்தான் இருக்கும். எனக்கும் ஒரு வாரம் என்றுதான் சொன்னார்கள். பத்து வாரம் ஆனது.

என்னுடையது கார்டெக்ஸ் ஏ9 போர்டு. சீரியல் கன்சோல் இரண்டாம் நாளே வந்துவிட்டது. ஈதர்நெட்தான் வரவில்லை. கேபிளைச் செருகினால் விளக்கு எரிகிறது, லிங்க் அப் என்று கர்னலும் சொல்கிறது, ஆனால் ஒரு பிங் கூடப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் டிரான்ஸ்மிட் டைம் அவுட். கிளாக்கைச் சந்தேகித்தேன், பின்மக்ஸை (ஒவ்வொரு பின்னுக்கும் என்ன வேலை என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பை) சந்தேகித்தேன், ரீசெட் ஜிபிஐஓவை (மென்பொருள் நேரடியாக இயக்கும் பின்னை) ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தேன். மூன்று நாள் போனது. கடைசியில் கர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் இன்டரப்ட் (வன்பொருள் ப்ராசசரை அழைக்கும் சிக்னல்) கணக்கைப் பார்த்தபோது ஈதர்நெட்டுக்கு நேரே பூஜ்யம்.

போர்டு ஃபைலில் ஈதர்நெட்டுக்கு இருந்த இன்டரப்ட் எண் 75. அதையே டிவைஸ் ட்ரீயில் எழுதியிருந்தேன். ஏஆர்எம்மின் இன்டரப்ட் கன்ட்ரோலரான ஜிஐசியில் முதல் 32 எண்கள் அந்தந்த கோருக்கே உரியவை. பொது இன்டரப்ட்டுகள் 32லிருந்துதான் தொடங்கும், டிவைஸ் ட்ரீ அவற்றைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதனால் 43 என்று எழுதியிருக்க வேண்டும். கேபிள் பக்கத்தைக் கவனிக்கும் பிஹெச்ஒய் சிப்பை டிரைவர் அவ்வப்போது தானே கேட்டுத் தெரிந்துகொள்வதால் லிங்க் மட்டும் சரியாகத் தெரிந்தது. அதுதான் என்னை அலைக்கழித்தது.

இதைப் படித்துவிட்டு ‘டிவைஸ் ட்ரீயில் எதை எப்படி எழுதுவது என்று சொல்லும் பைண்டிங் ஆவணத்தைப் படித்திருந்தால் தெரிந்திருக்குமே’ என்று யாராவது சொல்லக்கூடும். படித்தேன். ஆனால் கையிலிருந்த எண் அந்த 32ஐக் கூட்டிய எண்ணா கூட்டாத எண்ணா என்று ஆவணம் சொல்லாது. சிப்பின் மேனுவலையும் பழைய கோடின் மேக்ரோவையும் பக்கத்தில் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது டிஸ்ப்ளே. போர்டு ஃபைல் டிரைவருக்குக் கொடுத்த பழைய பிளாட்ஃபார்ம் டேட்டாவில் பவர் போடுவதற்கு ஒரு ஃபங்ஷன் பாயின்டர் (ஒரு ஃபங்ஷனைச் சுட்டும் முகவரி) இருந்தது. டிவைஸ் ட்ரீயில் கோடு வைக்க முடியாது, வன்பொருள் விவரம் மட்டுமே வைக்கலாம். அந்த ஃபங்ஷன் செய்ததை ஒரு ஃபிக்ஸட் ரெகுலேட்டராகவும் (மாறாத மின்னழுத்தம் தரும் பவர் சப்ளை) அதன் தொடக்கத் தாமதமாகவும் பிரித்து எழுதினேன். அப்போதும் திரை இருட்டு. ‘எனேபிள் ஆக்டிவ் ஹை’ என்ற வரியை விட்டிருந்தேன். அது இல்லாவிட்டால் ஜிபிஐஓவில் என்ன எழுதியிருந்தாலும் ஆக்டிவ் லோ (சிக்னல் தாழ்ந்தால் ஆன்) என்றே கர்னல் எடுத்துக்கொள்கிறது.

டிவைஸ் ட்ரீ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பவர்பிசி, ஸ்பார்க் பக்கம் ஓப்பன் ஃபர்ம்வேர் காலத்திலிருந்தே இருக்கிற முறை அது. 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏஆர்எம் கோடின் பெருக்கத்தைக் கண்டு கடுமையாகப் பேசியதில் நியாயம் இருந்தது. 2023இல் வந்த 6.3 கர்னலில் பயன்பாட்டில் இல்லாத போர்டு ஃபைல்கள் பலவற்றை நீக்கியும்விட்டார்கள். மாறத்தான் வேண்டும். ‘காப்பி அடிக்கிற வேலை’ என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

     

சரி, உங்கள் விஷயம். கர்னலை ஏற்றும் பூட்லோடர் பழையது, களத்தில் மாற்ற முடியாது என்றால் பயப்பட வேண்டாம். அப்பெண்டட் டிடிபி தேர்வைப் போட்டு, சுருக்கிய கர்னல் கோப்பான ஸீஇமேஜின் வாலில் டிடிபியை (கம்பைல் செய்த டிவைஸ் ட்ரீயை) ஒட்டிவிடுங்கள். ஏடேக் (பழைய பூட்லோடர் கர்னலுக்குத் தகவல் கொடுக்கும் முறை) இணக்கத் தேர்வையும் சேர்த்துப் போட்டால் மெமரி அளவும் கமாண்ட் லைனும் பழைய பூட்லோடரிடமிருந்தே வந்துவிடும். பழைய கர்னல் ஓடும்போதே இன்டரப்ட் கணக்கு, கிளாக் வேகங்கள், ஜிபிஐஓ நிலைகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை ஆறாவது வாரத்தில்தான் செய்தேன்.