மணிக்கூட்டில் சீனி பார்க்கலாமா? வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உடல்நலம், அழகு, எளிமையான வாழ்க்கை என்ற பெயரில் வாங்கிய சாமான்களைப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

இமயமலை ரோஸ் நிற உப்பு உடம்புக்கு நல்லது என்கிறார்கள். வீட்டில் சாதாரண உப்பை முழுதாக நிறுத்திவிடலாமா?
– செங்கலடி

நிறுத்தாதீர்கள். அந்த உப்பில் பெரும்பகுதி பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்துக் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வருகிறது. அதுவும் சோடியம் குளோரைட்தான். நிறம் இரும்புச் சத்தால் வருவது. நம் நாட்டில் 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கண்டமாலையைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. ரோஸ் உப்பில் வழமையாக அயடீன் சேர்ப்பதில்லை. வீட்டில் கர்ப்பிணியோ சின்னப் பிள்ளையோ இருந்தால் அயடீன் சேர்த்த பக்கெட்டையே வாங்குங்கள்.

வாப்பாவுக்கு இருபது வருஷமாகச் சீனி வருத்தம். விரலில் குத்தாமலே சீனி காட்டும் என்று பேஸ்புக்கில் பார்த்து 14,500 ரூபாவுக்கு ஸ்மார்ட் மணிக்கூடு எடுத்தேன். காசு கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க விட்டார்கள். எந்நேரம் பார்த்தாலும் 95க்கும் 110க்கும் இடையில்தான் காட்டுகிறது. அதை நம்பி வாப்பா இரவுக் குளிசையை விட்டுவிட்டார். கிளினிக்கில் பார்த்தால் 268. விற்றவர் இப்போது போன் எடுப்பதில்லை.
– காத்தான்குடி

மகள், முதலில் வாப்பாவின் குளிசை. மணிக்கூடு காட்டியதை நம்பி எத்தனை நாள் விட்டார் என்பதைக் கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லுங்கள். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சீனியை அளக்கும் எந்த மணிக்கூட்டுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் பொதுமக்களை எச்சரித்தது. மணிக்கூட்டின் பின்பக்கத்துப் பச்சை வெளிச்சம் இரத்த ஓட்டத்தின் துடிப்பைத்தான் பிடிக்கும். தோலுக்குள் மெல்லிய உணரியைப் பொருத்தி, அதன் அளவைப் போனிலோ மணிக்கூட்டிலோ காட்டுகிற கருவி வேறு. அங்கே அளப்பது உணரி. நீங்கள் வாங்கியதில் உணரியே இல்லை.

நீங்கள் ஏமாந்ததில் உங்கள் பிழை எதுவும் இல்லை. தகப்பனின் விரலில் தினமும் குத்துவதைப் பார்த்து வருந்தும் பிள்ளையைக் குறிவைத்துச் செய்த விளம்பரம் அது. காசு திரும்பி வருகிறதோ இல்லையோ, அந்த ஆள் அடுத்த வீட்டுக்கு விற்க முடியாமல் செய்ய வேண்டும். எனக்குக் கோபம் தாளவில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. விளம்பரம் இன்னும் இருந்தால் திரையைப் படம்பிடியுங்கள். இப்படிப்பட்டவை இரவோடிரவாக மறைந்துவிடும். பார்சலில் ஒட்டிய தாளை எறிந்துவிட்டீர்களா? அதில்தான் அனுப்பியவரின் பெயரும் போன் இலக்கமும் இருக்கும். எறிந்திருந்தால் கொண்டுவந்த கூரியர் கிளையில் கேளுங்கள். மணிக்கூட்டை ஒரு வாழைப்பழத்தில் கட்டிப் பாருங்கள். பழத்துக்கும் ஏதாவது இலக்கம் காட்டினால் அதை வீடியோ எடுத்துச் சேருங்கள். எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில், ஆளைத் திசைதிருப்பி விற்பதும் பொருளைப் பற்றிப் பொய் சொல்வதும் குற்றங்கள். வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். வழி தெரியாவிட்டால் 1977க்கு அழையுங்கள்.

வாப்பாவுக்கு விரலில் குத்திப் பார்க்கும் சாதாரணக் கருவியே போதும். பாமசியில் பில்லோடு வாங்குங்கள். இரத்தத் துளியை வைக்கும் பட்டித் துண்டுகளின் காலாவதித் திகதியைப் பாருங்கள், அவை இருக்கும் போத்தலின் மூடியைத் திறந்தபடி வைக்காதீர்கள். விரல் நுனியின் நடுவை விட்டு ஓரத்தில் குத்தினால் வலி குறைவு.

செப்புப் போத்தலில் இரவே தேசிக்காய் பிழிந்து வைத்துக் காலையில் குடிக்கிறேன். குமட்டுகிறது. போத்தல் போலியா?
– அம்பாறை

போத்தல் அசல் செம்பாக இருந்தால்தான் குமட்டும். புளிப்பு செம்பைக் கரைக்கும். வெறும் தண்ணீர் மட்டும் வையுங்கள்.

உடம்பைச் சுத்தம் செய்யும் தேநீர் என்று ஒரு பக்கத்தில் வாங்கினேன். முதல் பக்கெட்டில் 2 கிலோ குறைந்து மறுபடி ஏறிவிட்டது. இரண்டாவதிலும் அப்படியே. இப்போது மூன்றாவது எடுத்திருக்கிறேன். வயிற்றோட்டம் நிற்கவில்லை. எத்தனை பக்கெட் குடித்தால் நிரந்தரமாகக் குறையும்?
– வாழைச்சேனை

தங்கச்சி, இரண்டு முறை பலிக்காததை மூன்றாவது முறை காசு கொடுத்து எடுத்துவிட்டு, நான்காவதுக்கு என்னிடம் வழி கேட்கிறீர்கள். பக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு தடவையாவது வாசித்தீர்களா? இப்படியான தேநீர்களில் வழமையாக இருப்பது நிலவாகை இலை. நம் வீடுகளில் பேதிக்குக் கொடுத்த அதே இலை. குறைந்த 2 கிலோவும் தண்ணீர். தண்ணீர் குடித்ததும் திரும்பி வரும். நாள்கணக்கில் வயிறு போனால் உடம்பின் பொட்டாசியம் இறங்கும், அது இதயத் துடிப்பையே பாதிக்கலாம். உடம்பைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

மூன்றாவது பக்கெட்டை இன்றைக்கே நிறுத்துங்கள். நாளைக்கும் வயிற்றோட்டம் இருந்தால் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

உடம்பின் சக்தியைச் சமப்படுத்தும் பதக்கம், போனின் கதிர்வீச்சையும் தடுக்குமாம். நண்பர்கள் எல்லாரும் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?
– கல்லடி

வேண்டாம் தம்பி. நான் வாங்கியவள்.

2019இல் எனக்குத் தீராத கழுத்து வலி. வீட்டுக்கு வந்த ஒருவர் எரிமலைக் கல்லில் செய்தது என்று ஒரு கறுத்த பதக்கத்தை 6,500 ரூபாவுக்குத் தந்தார். பில் கேட்கவில்லை. நித்திரையிலும் கழற்றாமல் போட்டிருந்தேன். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை இப்படியான பத்துப் பொருள்களைச் சோதித்து, அவை கதிரியக்கம் வெளியிடுகின்றன, அணிய வேண்டாம், மூடி வையுங்கள் என்று அறிவித்தது. கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்ற பதக்கங்களும் கைப்பட்டிகளும் அதில் இருந்தன. அந்தச் செய்தியை வாசித்த இரவு பதக்கத்தைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, வீட்டுக்கு வெளியே உள்ள கொட்டிலில் வைத்தேன். என்னுடையதில் என்ன இருக்கிறது என்று கேட்க ஒரு பெயரோ முகவரியோ இல்லை. கழுத்து வலி போனது, எழுதும் மேசையை நான்கு விரல் உயர்த்திய பிறகு.

தேவையில்லாததை ஒதுக்கி, இருப்பதோடு நிதானமாக வாழ வேண்டும் என்று ஆசை. உடுப்புகளை ஒரே நிறத்துக்கு மாற்றி வருகிறேன். அடுக்கி வைக்கக் காற்றுப் புகாத 20 பெட்டிகள் ஒரே அளவில் வேண்டும். எது நல்லது?
– மட்டக்களப்பு

எதையும் வாங்காதீர்கள். ஆசை நல்லது, தொடங்கிய இடம் பிழை. நிறம் ஒத்துப்போகவில்லை என்று நல்ல உடுப்பை மாற்றுவதில் ஒதுக்கியது என்ன? முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து மிஞ்சியதைப் பார்த்து, பெட்டி வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

காற்றுப் புகாத பெட்டியைப் பற்றி இன்னுமொன்று. வரண்ட ஊர்க்காரர் எடுத்த வீடியோவைப் பார்த்து நானும் மூடியுள்ள மூங்கில் கூடை ஒன்றும் பெட்டிகள் ஆறும் வாங்கினேன். நம் ஊரில் ஐப்பசியில் தொடங்கும் மழை தைக்கு முன் விடாது. கூடை கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. பெட்டிக்குள் ஈரத்தோடு அடைபட்ட என் கூறைச் சேலையில் மஞ்சள் புள்ளி விழுந்தது, இன்றுவரை போகவில்லை. மழைக்கு முன் வெயில் காட்டுங்கள், பருத்தித் துணியில் சுற்றுங்கள், அலுமாரிக் கதவை இடைக்கிடை திறந்து விடுங்கள்.

மூத்த மகளுக்குத் தையில் கல்யாணம். வட்ஸ்அப்பில் ஒரு அக்காவிடம் முகம் வெளுக்கும் கிறீம் எடுத்தோம், சின்ன டப்பா 3,200 ரூபா. ஒரு கிழமையில் பளிச்சென்று வெளுத்தது. இப்போது சிவந்து பருப்பருவாக வருகிறது. இளைய மகளும் ஒளித்துப் பூசியிருக்கிறாள், வயது 13. டப்பாவில் பெயர் எதுவும் இல்லை. நகையைக் கழற்றிவிட்டுப் பூசச் சொன்னார்.
– களுவாஞ்சிகுடி

அம்மா, நகையைக் கழற்றச் சொன்ன அந்த ஒரு சொல்லே எனக்குப் பயம் தருகிறது. தங்கம், வெள்ளி, அலுமினியம் படக்கூடாது என்று சொல்லும் கிறீமில் பாதரசம் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. பாதரசம் தங்கத்தில் பட்டால் ஒட்டி வெளிறச் செய்யும். தோலில் பட்டால் கருமை நிறத்தை உண்டாக்கும் மெலனினைத் தடுக்கும், அதனால்தான் ஒரு கிழமையில் வெளுப்பு. உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரின் துவாய், தலையணை வழியாக வீட்டில் மற்றவருக்கும் சேரும். இன்னும் சில கிறீம்களில் வலுவான ஸ்டிராய்ட் மருந்து கலந்திருக்கும். அது தோலை மெலியச் செய்யும், நிறுத்தியதும் முகம் எரிந்து சிவக்கும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். விற்பவருக்கு அடுத்த டப்பா போகும்.

மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரில் பாதரசத்தால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஊரின் பெயரால் 2013இல் ஓர் உலக உடன்படிக்கை வந்தது, இலங்கை 2017இல் சேர்ந்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை 2020க்குப் பிறகு செய்யவோ இறக்கவோ கூடாது என்று அது முதலில் விதித்தது. 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எந்த அழகுப் பொருளுக்கும் அதில் இடமில்லை. விதி இருந்தும் பெயரில்லாத டப்பா களுவாஞ்சிகுடிக்கு வந்துவிட்டது.

வருஷக்கணக்காக நான் எழுதி வருவதை இன்னொரு தரம் எழுதுகிறேன். பெயரும் முகவரியும் இல்லாத எதையும் தோலில் பூசாதீர்கள், வாயில் போடாதீர்கள். ஒரு பிஸ்கட் பக்கெட்டுக்குத் திகதி பார்க்கும் நாம், பெண் பிள்ளையின் முகத்தில் பூசுவதை யார் செய்தது என்று கேட்பதில்லை. தெரிந்த அக்கா, சொந்தக்காரப் பெண், பள்ளிக்கூடத்துத் தோழி என்றால் பில் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அந்த அக்காவுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, அவருக்கும் ஒருவர் டப்பாவில் அடைத்துக் கொடுத்திருப்பார். செய்தவர் அல்லது இறக்கியவரின் பெயர், முகவரி, விலை, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, சேர்ந்த பொருள்களின் பட்டியல் பொதியில் இருக்க வேண்டும். சேர்ந்த பொருள்களில் கலோமெல் அல்லது மேர்க்குரி என்ற சொல் இருந்தால் வாங்க வேண்டாம், இரண்டும் பாதரசத்தைக் குறிப்பவை. பட்டியலே இல்லையென்றால் கையில் எடுக்கவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைப் பற்றிப் பேசியதால் இதை வாங்கினீர்கள் என்றால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தும் உரிமை தாய்க்கு இருக்கிறது.

இரண்டு பிள்ளைகளையும் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், டப்பாவையும் பொலித்தீனில் இறுகக் கட்டிக் கொண்டுபோங்கள். பூசுவதை இப்போதே நிறுத்துங்கள். எரிந்தாலும் மறுபடி பூசாதீர்கள், வேறு கிறீமும் போடாதீர்கள். சிறுநீர்ச் சோதனை தேவையா என்று வைத்தியரைக் கேளுங்கள். துவாயையும் தலையணை உறையையும் மாற்றுங்கள். டப்பாவை வாவியிலோ கிணற்றடியிலோ எறியாதீர்கள், எரிக்கவும் வேண்டாம்.

மூங்கில் துணி உடுப்பு இயற்கையானது, வியர்க்காது என்கிறார்கள். உண்மையா?
– கல்முனை

பெரும்பாலும் அது ரேயன். மூங்கிலை இரசாயனத்தில் கரைத்து நூலாக்குகிறார்கள். அதை மூங்கில் என்று விற்ற கொம்பனிகள் மீது அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2009இல் நடவடிக்கை எடுத்தது. உடுக்க மென்மையாக இருக்கும், பிடித்தால் ரேயனின் விலைக்கு வாங்குங்கள்.

மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சேலை என்று ஒன்லைனில் 8,500 ரூபாவுக்கு எடுத்தேன். உடுத்தால் புழுங்குகிறது. அங்கே நெய்ததுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– அக்கரைப்பற்று

சேலை ஓரத்தில் ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். மணியானால் பருத்தி என்று சொன்னது பொய், அதை வைத்தே முறைப்பாடு கொடுக்கலாம். ஆனால் நூல் எது என்று மட்டும்தான் நெருப்பு சொல்லும். தறி எது என்பதைப் படத்தைப் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது.

இதில் ஏமாந்தது நீங்கள் மட்டுமல்ல. நாள்கணக்கில் குழித்தறியில் கால் வைத்து நெய்யும் குடும்பத்தின் பெயரை இன்னொருவர் எடுத்து விற்றிருக்கிறார். அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். சேலையைக் கொண்டுபோய் நெய்கிறவர்களிடமே காட்டுங்கள். தங்கள் தறியில் இறங்கியதா என்று விரலால் தடவியே சொல்வார்கள். அவர்கள் இல்லையென்றால், அதையும் எழுதி வாங்கி முறைப்பாட்டோடு சேருங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.