பாட்டி சொல்லும் இரண்டு ஊர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மருமகள் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து வளர்ந்தவள்; பூர்வீகம் மெக்சிகோ. அவளுடைய பாட்டி மிச்சோவகான் மாநிலத்திலிருந்து வந்தவர், 88 வயது. பேரக்குழந்தை பிறப்பதற்குள் அவருடைய நினைவுகளைக் கொண்டு அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை எழுதிவைக்க விரும்புகிறோம். ஆனால் அவர் சொல்வது ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பிறந்த ஊர் ஒரு நாள் பரிகுத்தின், இன்னொரு நாள் சான் ஹுவான். எரிமலைச் சாம்பல் விழத் தொடங்கியபோது தனக்கு ஆறு வயது என்கிறார். பிறப்புச் சான்றிதழோ 1941 என்கிறது. முன்னோர்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் என்கிறார். ஆனால் தன் பாட்டி செபம் சொன்னது ஸ்பானிய மொழியில் அல்ல என்றும் சொல்கிறார். நினைவை விட்டுவிட்டு ஆவணத்தை மட்டும் நம்பலாம் என்கிறான் மருமகளின் தம்பி. தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி, லாஸ் ஏஞ்சலிஸ்

அன்புள்ள அம்மையாருக்கு,

இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. முதியவர்களின் நினைவில் ஆண்டு நிற்பதில்லை. இடமும், எதற்குப் பின் எது நடந்தது என்பதும், யார் யாருக்கு என்ன உறவு என்பதும் நிற்கின்றன. ஆவணத்தில் ஆண்டு இருக்கும், ஆனால் எந்த ஊரின் பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பாட்டிதான் சொல்ல முடியும். நீங்கள் முரண்பாடுகள் என்று எழுதியிருப்பவற்றையே இந்த ஆய்வின் சிறந்த தடயங்களாக நான் கருதுகிறேன்.

முதலில் ஊர். 1943 பிப்ரவரி 20 அன்று, தியோனிசியோ புலிதோ என்ற விவசாயியின் சோளக்காட்டில் நிலம் பிளந்து, பரிகுத்தின் எரிமலை பிறந்தது. 1952 வரை அது அடங்கவில்லை. அதன் அடிவாரத்தில் இருந்த பரிகுத்தின் கிராமம் முதலில் அழிந்தது, அந்த மக்கள் உருவாப்பான் நகருக்கு அருகே குடியமர்த்தப்பட்டார்கள். சற்றுத் தள்ளியிருந்த சான் ஹுவான் பராங்காரிகுதிரோ மேலும் ஓராண்டு தாக்குப்பிடித்தது. 1944 மே மாதத்தில், எரிமலைக் குழம்பு நெருங்கி வந்தபோது, அவ்வூர் மக்கள் தங்கள் கோயிலின் சிலுவைநாதர் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு நடந்துபோய்ப் புதிய சான் ஹுவானை நிறுவினார்கள். பழைய ஊரில் இன்று கருங்குழம்புப் பாறைக்கு மேலே தெரிவது கோயிலின் கோபுரமும் பீடத்தின் பகுதியும்தான். ஆகவே, ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் முன்னால் திருவுருவம் சென்றதா என்று பாட்டியிடம் கேளுங்கள். சென்றது என்றால், அந்தக் குடும்பம் 1944-இல் சான் ஹுவான் மக்களோடு நடந்தது என்று கொள்ளலாம். பரிகுத்தின் கிராமம் சான் ஹுவானைத் தலைமையிடமாகக் கொண்ட நகராட்சிக்கு உட்பட்டிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே பிறந்த குழந்தையின் பிறப்பு சான் ஹுவானில் பதிவாகியிருப்பது இயல்பு. வீட்டை நினைக்கும்போது ஓர் ஊரும், காகிதத்தை நினைக்கும்போது இன்னோர் ஊரும் அவர் வாயில் வருகின்றன என்றால், இரண்டு விடைகளுமே உண்மையாக இருக்கலாம்.

சான்றிதழில் உள்ள 1941 பிறந்த ஆண்டா, பதிவு செய்த ஆண்டா என்று பாருங்கள். கிராமங்களில் குழந்தை பிறந்து சில ஆண்டுகள் கழித்துப் பதிவு செய்வது அரிதல்ல. இறந்துபோன குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கமும் உண்டு என்பதால், அவருக்கு முன் அதே பெயரில் அக்காள் ஒருத்தி பிறந்து இறந்தாளா என்பதையும் கேட்டுவிடுங்கள். சான்றிதழின் சுருக்கப்படியோடு நிற்காமல் மூலப் பதிவின் நகலைத் தேடிப் பெறுங்கள். மெக்சிகோவின் குடியரசுத் தலைவராக இருந்த பெனிட்டோ ஹுவாரெஸ் 1859-இல் கொண்டுவந்த குடிமைப் பதிவுச் சட்டத்தின் வழிவந்த மெக்சிகோவின் பிறப்புப் பதிவுகளில், பெற்றோரோடு இருவழித் தாத்தா பாட்டிகளின் பெயர்களும் வழக்கமாக இருக்கும். பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையே பதிவுகளில் வைத்திருப்பதால், தாய்வழியும் அறுபடாமல் தொடரும். ஒரே தாளில் மூன்று தலைமுறைகள் கிடைக்கும் இந்த வசதி உலகின் பல நாடுகளில் இல்லை. பாட்டி சொல்வதுபோல 1943-இல் அவருக்கு ஆறு வயது என்றால், அவருடைய பெற்றோரையும் மூத்த பிள்ளைகளையும் 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்களில் தேடலாம். அவற்றின் பெரும்பகுதியை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆய்வு இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்க முடியும்.

ஸ்பெயின் பற்றிய கூற்றில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு ஊர்களும் இருந்தது புரெபெச்சா என்ற பழங்குடி மக்களின் மேட்டுநிலத்தில். ஆஸ்டெக்குகளால் கடைசிவரை வெல்ல முடியாத அரசொன்றை ட்சின்ட்சுன்ட்சானைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய மொழிக்கு உறவுமொழி எதுவும் நிறுவப்படவில்லை. பாட்டியின் பாட்டி செபித்தது அம்மொழியிலாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. 1930 கணக்கெடுப்பு ஒவ்வொருவரும் பேசிய மொழியையும் குறித்தது என்பதால், இதை நீங்களே சரிபார்க்கலாம். அதைத் தேடும் முன், வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று பாட்டியிடம் கேளுங்கள். சோள இலையில் முக்கோணமாகப் பொதிந்து வேகவைக்கும் கொருந்தாவைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், மற்றவையும் தொடர்ந்து வரக்கூடும். ஆனால் ஸ்பெயின் என்று அவர் சொல்லும்போது குறுக்கே மறுக்காதீர்கள். பழங்குடி மொழி பேசியதற்காகப் பள்ளியிலும் சந்தையிலும் இழிவுபடுத்தப்பட்ட தலைமுறைகள், பிள்ளைகளைக் காக்கும் பொருட்டு அம்மொழியை மறைத்தன. அந்தக் காயத்தை 88 வயதில் கிளறி ஒப்புதல் வாங்குவது நமது வேலை அல்ல. மேலும், அவர் சொல்வதும் மெய்யாக இருக்கலாம். ஒரே குடும்பத்தில் இரு வழிகளும் கலந்திருப்பது அங்கே பெருவழக்கு. திருமுழுக்குப் பெற்றவரின் இனப்பிரிவை எழுதக் கூடாதென்று 1822-இல் ஆணை வரும்வரை பங்குக் கோயில்களின் ஏடுகள் அதைக் குறித்துவந்தன; அவ்வளவு பின்னே செல்ல முடிந்தால் விடை அங்கே இருக்கும். மரபணுச் சோதனை சதவீதங்களைத் தருமேயன்றி முன்னோர் ஒருவரின் பெயரையும் நேரடியாகத் தராது. நீங்கள் எழுதும்போது பாட்டியின் வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதி, ஏட்டில் உள்ளதை அதன் அருகில் எழுதுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை அடிக்க வேண்டாம்.

பெற்றோரின் கோயில் திருமணப் பதிவு கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். அரசுக்கும் திருச்சபைக்குமான மோதலில் 1926 முதல் 1929 வரை பொது வழிபாடு நின்றுபோயிருந்தது. மிச்சோவகானில் பல திருமணங்கள் வீடுகளில் மறைவாக நடந்தன.

அடுத்த முறை அவரோடு அமரும்போது ஆண்டு எதையும் கேட்காமல், அவருடைய ஞானத்தாயும் ஞானத்தந்தையும் யார் என்று கேளுங்கள். மெக்சிகோவில் அது இரத்த உறவுக்கு நிகரான உறவு. முதியவர்கள் பெரும்பாலும் அதை மறப்பதில்லை. திருமுழுக்கு ஏட்டில் அந்தப் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். ஒரே ஊரில், ஒரே பெயரில் பல மரியாக்கள் இருந்தாலும், ஞானப்பெற்றோரின் பெயரைக் கொண்டு உங்கள் பாட்டியை அடையாளம் காணலாம். பிறந்த சில நாட்களிலேயே திருமுழுக்குக் கொடுப்பது வழக்கம் என்பதால், 1941 பற்றிய ஐயத்துக்கும் அந்த ஒரே பதிவு விடை தரக்கூடும்.